முகத்துவாரத்துப் பச்சை எண்ணெய்

1

அந்த வீடியோவில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து என் தம்பி அதை எனக்கே அனுப்பிவைத்தான். 'கடல் பாசியிலிருந்து டீசல் எடுத்த நம்ம ஊர்ப் பெண்' என்று தலைப்பு, கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். ஞாயிறு பூசை முடிந்ததும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்களாம். சித்தி அழுதுவிட்டாளாம்.

ஒரு வருடம் பழைய வீடியோ. எங்கெங்கோ சுற்றி இப்போதுதான் ஊரில் இருக்கும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தயவுசெய்து இனி அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த ஜெனரேட்டர் பாசி எண்ணெயில் ஓடவில்லை. எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அங்கே நின்று சிரித்தேன். கைதட்டியவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் நான் இரண்டாவது முறையும் பொய் சொன்னவள் ஆவேன்.

2

நான் கொழும்புக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. கனடா போனவளை, லண்டன் போனவளை ஊரில் 'வெளிநாட்டுக்காரி' என்பீர்கள். என்னைக் கேட்டால், "கொழும்புதான? அது என்ன வெளிநாடா? நீந்தியே போயிறலாமே" என்று சிரிப்பீர்கள். வருடா வருடம் விசா நீட்டிக்கிற வரிசையில், கையில் எண் எழுதிய துண்டோடு, கணவனின் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கு உங்களில் ஒருவர் வந்து நின்று பாருங்கள். பிறகு நீந்துவதைப் பற்றிப் பேசலாம்.

என் கணவர் ரெஜியின் முன்னோர் தூத்துக்குடியிலிருந்து வியாபாரத்துக்கு வந்து கொழும்பு கொட்டாஞ்சேனையில் தங்கிவிட்டவர்கள். அவர் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். "நம்ம ஆட்கள்தானே, மொழி ஒண்ணு, கோயில் ஒண்ணு" என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மொழி ஒன்று என்பது எவ்வளவு பெரிய புளுகு என்று வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. மெதுவாக வரட்டும் என்று, "பைய வாங்க" என்றேன் மாமியாரிடம். பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

இப்போது என் மகள் மெலனி என் தமிழைத் திருத்துகிறாள். பன்னிரண்டு வயது. ஸ்கூல் வேனில் சிங்களம், வகுப்பில் இங்கிலிஷ், வீட்டில் அப்பாவின் கொழும்புத் தமிழ். நான் "சொல்லுதேன்" என்றால் காதைப் பொத்துவாள். "அம்மா, என்ட ஃப்ரெண்ட்ஸ் வந்தா நீங்க கதைக்க வேணாம் ப்ளீஸ்." சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். எனக்கு மட்டும் வலிக்கும்.

3

கல்யாணத்துக்கு முன்பு நான் ஊரில் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். குஞ்சுகளுக்குத் தீனியாக நுண்பாசி வளர்ப்பது என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர், வெயில், கொஞ்சம் உரம், காற்று இருந்தால் போதும், ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு நாளில் தொட்டி முழுக்கப் பச்சையாகிவிடும். கொழும்பில் அந்த அனுபவத்துக்கு வேலை இல்லை. வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக் காலம் போனது.

பிறகு பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலம் வந்தது. ரெஜி காரை வரிசையில் விட்டுவிட்டு நடந்து வேலைக்குப் போவார். கொழும்பின் வடகோடியில் மீனவர்கள் வாழும் முகத்துவாரத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. அந்த நாட்களில்தான், டியூஷனில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மாமா என்னைத் தேடி வந்தார். குகன் என்று பெயர். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த தமிழர், வெளியே படித்துவிட்டுத் திரும்பியவர், நல்ல பேச்சுக்காரர்.

"மிஸ், இந்த நாட்டைச் சுத்திக் கடல் இருக்கு, வருஷம் முழுக்க வெயில் இருக்கு. நாங்கள் ஏன் எண்ணெய்க் கப்பலைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும்? பாசியில டீசல் எடுக்கலாம்தானே?"

"எடுக்கலாம் சார்," என்றேன். அதில் பொய் இல்லை. பாசியில் எண்ணெய் இருக்கிறது. அதை டீசலாக மாற்றவும் முடியும். ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அதைப் பெரிய அளவில் செய்வதுதான் கஷ்டம் என்றும் சொன்னேன். முதல் பாதியை மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். என்னை வேலைக்கு எடுத்து, கணவனின் பேரில் இருந்த என் விசாவைத் தன் கம்பெனியின் பேருக்கு மாற்றினார்.

முகத்துவாரத்தில் கடலைப் பார்த்த ஒரு பழைய கிடங்கின் முற்றத்தில் நீள்வட்டமாக இரண்டு தொட்டிகள் கட்டினார்கள். நடுவில் நீரைக் கிளறத் துடுப்புச் சக்கரம். களனி ஆறு கலக்கிற இடம் என்பதால் அங்கே நீரில் உப்பு குறைவு, அழுக்கும் அதிகம். படகில் வெளியே போய் நீர் எடுத்துவந்து, அதிலிருந்து ஒரே ஒரு வகைப் பாசியை மைக்ராஸ்கோப்பின் கீழ் பிரித்து, சோதனைக் குழாயில் வளர்த்து, பிறகு குடுவை, பிறகு கேன், பிறகு ப்ளாஸ்டிக் பை என்று தொட்டி வரை கொண்டுவந்தேன். முதல் தொட்டி பச்சை பிடித்த காலையில் நான் அழுதேன். இத்தனை வருடம் கழித்து என் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

கஷ்டங்கள் வரிசையாக வந்தன. கொழும்பு மழை பத்து நிமிடம் கொட்டினால் தொட்டியில் உப்பு இறங்கிவிடும். காற்றில் வந்து விழும் ஏதோ ஒரு நுண்ணுயிர் இரண்டே நாளில் பாசியைத் தின்று தொட்டியைத் தேநீர் நிறமாக்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பாசியின் குணத்திலேயே இருந்தது. நன்றாகத் தின்னும்போது அது பெருகும், எண்ணெய் சேர்க்காது. உரத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் எண்ணெய் சேர்க்கும், பெருகுவது நின்றுவிடும். ஒரு முழுத் தொட்டியை வடித்து, காயவைத்து, எண்ணெய் பிரித்தபோது இருமல் மருந்துப் போத்தல் ஒன்று கூட நிறையவில்லை. கரண்ட் போகும் நேரங்களில் சக்கரத்தைச் சுற்றவைக்க ஜெனரேட்டருக்கு நாங்கள் ஊற்றிய டீசல் அதைப்போலப் பல மடங்கு.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதினேன். குகன் வாசித்துவிட்டு, "இப்ப இதைப் போடவேண்டாம் மிஸ். முதல்ல பெருசாக் காட்டுவம்," என்றார்.

4

பெரிதாகக் காட்ட இன்னும் நாலு தொட்டி வேண்டும், அதற்கு இடம் வேண்டும். கிடங்கை ஒட்டி ஒரு மணல் துண்டு இருந்தது. அரசாங்கக் காணி. முகத்துவாரத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காலங்காலமாக அதில் கருவாடு காயப்போட்டு வந்தார்கள். குத்தகை கிடைக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வேண்டும்.

"நான் போனா நம்பமாட்டினம்," என்றார் குகன். "நீங்கள் வேதக்காரப் பொம்பிளை. அவையள் போற கோயிலுக்குத்தான் போறனீங்கள். நீங்கள் சொன்னாக் கேப்பினம்."

கத்தோலிக்கப் பெண் என்று அவர் சொன்னதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தப் பெண்களுக்கு மூத்தவர் மாதிரி இருந்தவர் பிலோமினா அக்கா. ஐம்பது வயதிருக்கும். குனிந்து கீரி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்ககிட்ட பேச வந்திருக்கேன்," என்றேன்.

நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேச வந்தீங்களா? எங்களைப் பேசறதுக்கு நாங்க என்ன பிழை செஞ்ச?"

பக்கத்தில் இருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். இந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. எனக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் ஊர்த் தமிழ்தான் வாயில் வருகிறது. "ஐயோ, இல்லக்கா. கதைக்க, கதைக்க வந்தேன்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்டுதான் நான் உள்ளே நுழைந்தேன். மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பாசி, எண்ணெய், டீசல். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. படகுகளுக்கு மலிவாக எண்ணெய். கருவாட்டுக்குக் கிடங்கின் பின்னால் சிமெண்டுத் தளம் போட்டுத் தருவார்கள். குகன் சொல்லி அனுப்பியதை வரிக்கு வரி சொன்னேன். தொட்டிகள் கூடினால் எண்ணெயும் கூடும் என்று நானும் நம்பிக்கொண்டேன். எதையும் எழுத்தில் தரும்படி நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

"மெய்யாத்தானா மிஸ்?" என்று கேட்டார் பிலோமினா அக்கா.

"நான் சொல்லுதேன்ல அக்கா," என்றேன்.

பத்துப் பேர் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு பேர் பெருவிரல் பதித்தார்கள்.

5

வீடியோ எடுத்த நாளுக்கு வருகிறேன். முதலீடு செய்ய ஆறேழு பேர் வருகிறார்கள், அவர்கள் முன்னால் பாசி டீசலில் ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டப்போகிறோம் என்றார் குகன். "பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வாங்கோ மிஸ், படத்தில வடிவா இருக்கும்."

காலை எட்டு மணிக்குப் போனபோது ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு பெரிய கேன் நிறையப் பச்சை எண்ணெய் இருந்தது. நான் மாதக்கணக்கில் எடுத்ததெல்லாம் சேர்த்தாலும் அதன் அடியை நனைக்காது. மூடியைத் திறந்தேன். பாசி எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு, பச்சைப் புல்லும் மீனும் சேர்ந்த மாதிரி. அதில் அடித்தது பெட்ரோல் ஷெட் வாடை. சுத்தமான டீசல். நான் பாசியிலிருந்து பிழிந்து கொடுத்திருந்த பச்சைச் சாற்றை ஊற்றி நிறம் மாற்றியிருக்கிறார்கள்.

"சார், இது டீசல்."

"கலந்ததுதான் மிஸ். எல்லா நாட்டிலயும் கலந்துதான் ஓட்டுறவை."

"எவ்வளவு கலந்தீங்க?"

"நிறம் வாற அளவுக்கு." சிரித்தார். பிறகு சிரிப்பு மாறாமல், "உங்கட விசா எப்ப முடியுது? அடுத்த மாசமா? வேலைக் கடிதம் நான்தானே தரவேணும்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதட்டவில்லை, மிரட்டவில்லை. அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. விசா மறுத்தால் மெலனியை விட்டுவிட்டுப் போகவேண்டுமா, கணவனின் பேரில் மறுபடி கிடைக்குமா, கிடைத்தால் வேலை செய்ய விடுவார்களா, ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் பயம். இந்த நாட்டில் பிறந்தவளாக இருந்திருந்தால் அந்தக் கேனைக் காலால் உதைத்திருப்பேன்.

வந்தவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள், ஜெனரேட்டர் ஓடியது, பல்பு எரிந்தது, கைதட்டினார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி இங்கிலிஷில், "இது உண்மையிலேயே பாசியா?" என்று கேட்டார்.

"அந்தப் பச்சை பாசியிலிருந்து வந்ததுதான்," என்றேன்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான பதிலை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. குகன் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பக்கம் என்றால், அந்தப் பதிலைச் சொன்னவள் மேல் இருக்கிற கோபம் அதற்கு மேல்.

6

ஒரு மாதத்துக்குள் மணல் துண்டைச் சுற்றித் தகர வேலி வந்தது. விசாவுக்கான வேலைக் கடிதமும் எனக்கு வந்தது. நாலு தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். ஒன்றைத்தான் கட்டினார்கள். அதற்குப் பிறகு புதிதாக யாரையாவது கூட்டிவருவதும் காட்டுவதும்தான் வேலையாக இருந்தது. வீட்டுக்கு ஒரு வேலை என்றது மொத்தமாக இரண்டு பேருக்குப் பை கழுவுகிற வேலையாகி, அதுவும் இரண்டு மாதத்தில் நின்றது. சிமெண்டுத் தளம் வரவே இல்லை.

பெண்கள் ரோட்டோரத்தில் கருவாடு காயப்போட்டார்கள். லாரி போகும்போதெல்லாம் தூசி படியும். கடிக்கும்போது பல்லில் மண் நறநறக்கிறது என்று கடைக்காரர் கருவாட்டைத் திருப்பி அனுப்பினார். கோயிலில் பிலோமினா அக்கா என்னைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். நானும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் மெலனி என் பாசிப் போத்தலை ஸ்கூல் விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கிவந்தாள். 'எனது தாயார் கண்டுபிடித்த எரிபொருள்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தாள். சிநேகிதிகளைத் தானே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "அம்மா, நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க," என்றாள். என்னைக் கதைக்க வேண்டாம் என்று சொன்ன பிள்ளை! ஐந்து பெண் குழந்தைகள் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. தலைவலி என்று எழுந்து உள்ளே போனேன்.

அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேன், சாயம், கையெழுத்து, வேலி.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப நான் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொன்னது?"

"பொய்ம்மா."

"நீங்க ஏன் அண்டைக்கே சொல்லல?"

"விசா..." என்று ஆரம்பித்தேன்.

"விசா, விசா! எப்ப பாத்தாலும் விசா!" இப்போதுதான் கத்தினாள். "அந்த அன்ட்டிங்களுக்கு விசா தேவையில்லத்தானே, அதுக்காக அவங்கட இடத்த எடுக்கலாமா?"

ரெஜி வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பயந்த மனிதர். கலவரக் காலங்களில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், எதிலும் தலையைக் கொடுக்காமல் இருப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி என்று நம்புகிறவர். "விடு ஜெனிட்டா எண்டு சொல்லத்தான் வாய் வருது," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "எழுது. சிங்களத்தில நான் எழுதித் தாறன்," என்றார்.

புகார் எழுதுவதற்கு முன்னால் பிலோமினா அக்காவிடம் போனேன். ரோட்டோரத்தில் சாக்கு விரித்து நெத்தலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"இதச் சொல்லி முடிஞ்சா உங்களுக்கு நித்திரை வரும் மிஸ். எங்களுக்கு இடம் வருமா?"

"பிரதேச செயலகத்துல முறைப்பாடு குடுப்போம் அக்கா. நான் சாட்சி சொல்லுதேன்."

"இன்னொரு கையெழுத்தா?" என்று கேட்டார்.

ஆனால் வந்தார். மற்றப் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

7

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்தகையை நிறுத்திவைத்தார்கள். தகர வேலியை எடுத்தாயிற்று, ஆனால் வெட்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன. பாதி மணலில்தான் கருவாடு காய்கிறது. குகன் கிடங்கைக் காலி செய்துவிட்டார். இப்போது வேறு எதையோ பற்றி, வேறு யாரிடமோ, அதே நல்ல பேச்சைப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. தொட்டிகளில் என் பாசி செத்து அடியில் படிந்துவிட்டது. என் விசா கணவனின் பேரில் நீண்டிருக்கிறது. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. கோபம் குறையவில்லை. கடலும் வெயிலும் உள்ள ஒரு நாட்டில், பொறுமையாக வருடக்கணக்கில் செய்யவேண்டிய ஒரு நல்ல வேலையை, ஒரு கேன் சாயத்துக்காக நாசமாக்கினார்கள். நாளைக்கு உண்மையாகவே பாசி வளர்க்க ஒருவர் அங்கே போனால் அந்தப் பெண்கள் கல்லெடுத்து எறிவார்கள். எறியட்டும்.

விசாரணை நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸ் மாதிரியான பிரதேச செயலகத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, இந்தப் பக்கம் நாங்கள். அதிகாரிக்குத் தமிழ் வராது. மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு லீவு. வேறு தேதி தரட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். ரெஜி எழுந்து தான் சொல்வதாகச் சொன்னார். கணவர் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. பதின்மூன்று வருடம் இருந்தும் எனக்குக் கடைச் சிங்களத்துக்கு மேல் வரவில்லை. தேதி தள்ளிப்போனால் அந்தப் பெண்கள் அதுவரை ரோட்டோரத்தில்தான் கருவாடு காயப்போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். 

பிலோமினா அக்கா கையைத் தூக்கினார். "மம கியன்னங் மிஸ்," என்றார் அதிகாரியிடம். நான் சொல்றேன் என்று அர்த்தம். முறைப்பாடு கொடுத்தவரே சாட்சிக்கு மொழிபெயர்க்கலாமா என்று அதிகாரி யோசித்தார். பிறகு, தான் எழுதிக்கொள்வதை ரெஜி வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நான்தான் போய்ச் சொன்னேன் என்றேன். வேலை கிடைக்கும் என்றேன். எண்ணெய் கிடைக்கும் என்றேன். அவர்கள் என்னை நம்பித்தான் கையெழுத்து வைத்தார்கள் என்றேன். கேனில் இருந்தது டீசல் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். யாருக்கு அநியாயம் செய்தேனோ அவரிடமே நான் அதைச் சொல்ல, அவர் அதை எடுத்து, கூட்டாமல் குறைக்காமல், தன் குரல் ஏறாமல் இறங்காமல் சிங்களத்தில் வைத்தார். என் குரல்தான் உடைந்தது.  "சொல்லுங்க மிஸ், நோனா எழுதிக்கிட்டு இருக்காங்க," என்றார். நோனா என்றது அதிகாரி அம்மாவை.

நான் முடித்துவிட்டேன். அவர் முடிக்கவில்லை. என்னைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்து, சிங்களத்தில் இன்னும் நாலைந்து வரி சொன்னார். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். ரெஜி தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து படியில் நின்று, அக்கா கடைசியாகச் சொன்னது என்ன என்று ரெஜியிடம் கேட்டேன்.  பின்னால் வந்த பிலோமினா அக்காவே சொன்னார்.

"எங்களக் கைநாட்டு வைக்கச் சொல்லக்குள்ள இந்த மிஸ்ஸுக்கு அது பொய்யெண்டு தெரியாது எண்டு நான் சொன்ன. அது மெய். ஆனா தெரியாத ஒண்ணத் தெரிஞ்ச மாதிரி வந்து சொன்னாங்க எண்டும் சொன்ன. அதுவும் மெய். ரெண்டையும் எழுதுங்க நோனா எண்டு சொன்ன."

சொல்லிவிட்டு, மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.